ரீட்டாவின் அறையில் வைத்த இயந்திரம்

அமலு,

நேற்று நீ போனில் கேட்டதற்கு என்னால் அப்போதே பதில் சொல்ல முடியவில்லை. "இல்லாததைச் சொல்லிட்டேனாம்மா? பக்கத்து வீட்டு மாடிப்படிக்குக் கீழ பூனை குட்டி போட்டிருக்கு. அதுதான் கத்துது. ஜான்சியக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிக் காட்டினேன். அன்னையிலேர்ந்து எங்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறா. நான் சொன்னது உண்மைதான? அதுல என்ன தப்பு?" என்று கேட்டாய். உன் குரல் உடைந்திருந்தது. எட்டாம் மாதத்தில் வயிற்றுப் பிள்ளையைப் பறிகொடுத்த உன் பெண்டாட்டி, வீட்டுக்குள் பிள்ளை அழுகிற சத்தம் கேட்கிறது என்கிறாள். நீ சத்தத்தின் காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தாய். சின்ன வயதிலிருந்தே உன் குணம் அதுதான். ரேடியோ கொரகொரத்தால் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்க்காமல் உனக்குச் சோறு இறங்காது. அந்தக் குணத்தைக் குறை சொல்ல வரவில்லை. அந்தக் குணத்தால்தான் ஓசூரில் இன்றைக்கு நாலு பேர் மதிக்கிற இடத்தில் இருக்கிறாய். ஆனால் இதே மாதிரி ஓர் உண்மையை ஒருமுறை நம் திண்டுக்கல் வீட்டில் வைத்தும் நீ சொன்னாய். அந்தக் கதையில் உனக்குத் தெரிந்தது பாதிதான். மீதியை இன்றைக்கு எழுதுகிறேன். முழுதாய்ப் படி, இடையில் போன் பண்ணாதே.

உன் தங்கச்சி ரீட்டா செத்துப்போன பிறகு நம் வீட்டில் பேச்சு எப்படிச் சுருங்கிப் போனது என்று உனக்கு நினைவிருக்கும். அவளுக்குக் காய்ச்சல் கண்ட அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன் நான். "செத்த பொறு, விடியட்டும் பாப்போம்" என்றார் உங்கப்பா. விடிந்தது, போனோம். அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை, நீயும் அங்கேதான் நின்றாய். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தவள் அவரிடம் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். பேசாமல் இருந்துவிட்டேன். "சாப்பாடு எடுத்து வச்சிருக்கு", "கேஸ் தீந்துருச்சு", அவ்வளவுதான். மில்லில் முப்பது வருசம் எலக்ட்ரீசியனாக இருந்து ஓய்வு பெற்ற மனிதர் முன்னறையில் பேப்பரை விரித்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நான் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு அடுப்படியில் உட்கார்ந்திருப்பேன். நடுவில் ரீட்டாவின் அறை பூட்டிக் கிடந்தது. அந்தக் கதவைத் தாண்டும்போது மூவருமே அடியைச் சத்தமில்லாமல் எடுத்து வைத்தோம், உள்ளே யாரோ தூங்குகிற மாதிரி.

அந்த அறையைத்தான் நீ கேட்டாய். லேத் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்த நாளிலிருந்தே உனக்கு ஒரு சி.என்.சி. ரவுட்டரைச் சொந்தமாகச் செய்து பார்க்க வேண்டுமென்று ஆசை. கம்ப்யூட்டரில் படம் போட்டால் பலகையில் அதே படத்தைத் தானாகச் செதுக்குகிற இயந்திரம் என்று எனக்கு விளக்கினாய். மற்ற அறைகளில் தரை ஏறி இறங்கிக் கிடக்கிறது, ரீட்டாவின் அறைத் தரைதான் மட்டமாக இருக்கிறது என்றாய். "அந்த ரூம்ல மரத்தூள் பறக்கக் கூடாது" என்று நான் சொன்னேன். அதற்கு மேல் பேச்சில்லை என்றுதான் நினைத்தேன். பேப்பரை மடக்காமலே உங்கப்பா சொன்னார்: "வைக்கட்டும். அந்த ரூம்ல ஏதாச்சும் ஒரு சத்தம் கேக்கட்டும். சத்தமே இல்லாமக் கெடக்கே, அதத்தான் என்னால தாங்க முடியல." மாதக்கணக்கில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. சாவியை எடுத்து உன் கையில் கொடுத்துவிட்டு நான் கோயிலுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கட்டிலை வெளியே எடுத்திருந்தீர்கள். அவளுடைய துணிப் பீரோவை மட்டும் அந்த இடத்திலேயே விட்டு, தூசி படாமல் பழைய சேலையால் போர்த்தியிருந்தாய். அதற்காக உன்னை மன்னித்தேன்.

நான் அந்த அறைக்குள் வரவில்லை என்றுதான் நீ நினைத்தாய். கதவிடுக்கு வழியாக எல்லாவற்றையும் பார்த்தேன். எதிர்ச்சந்து கிரில் பட்டறையில் பற்றவைத்த இரும்புச் சட்டத்தை நாலு பேர் தூக்கி வந்து இறக்கியதும், கோயம்புத்தூரிலிருந்து வந்த வழவழப்பான கம்பிகளை நீ வேட்டித் துணியால் துடைத்துத் துடைத்து வைத்ததும், மூடிப்போன பிரவுசிங் சென்டரிலிருந்து பழைய கம்ப்யூட்டரைச் சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்து வந்ததும் எனக்குத் தெரியும். ரசமட்டத்தை வைத்து அப்பாவும் நீயும் நாள் முழுக்க மல்லுக்கட்டினீர்கள். வெட்டுகிற ஊசியை மாட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு பேனாவைக் கட்டி, காகிதத்தில் வட்டம் போடச் சொன்னாய். வட்டம் கோழிமுட்டை மாதிரி வந்தது. "ஏலே, மூலைக்கு மூலை நூல் புடிச்சுப் பாரு. குறுக்குச் சட்டம் சாஞ்சு கெடக்கு" என்றார் அப்பா. பிடித்துப் பார்த்து, தளர்த்தி, தட்டி, மறுபடி முறுக்கினீர்கள். ஆரம்பித்த புள்ளியிலேயே பேனா வந்து முடிந்தபோது அப்பா சிரித்த சத்தம் கேட்டது. எனக்குக் கோபம் வந்தது. அந்த அறையில் நின்றுகொண்டு எப்படி இவருக்குச் சிரிப்பு வருகிறது என்று நினைத்தேன். துக்கம் ஆளை எவ்வளவு அநியாயக்காரியாக்கும் என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

ஒருநாள் நீ மோட்டார்களுக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டியை அணைக்க மறந்து வேலைக்குப் போய்விட்டாய். அப்பா வெளியே போயிருந்தார். முற்பகல். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ரீட்டாவின் அறையில் 'ட்ர்ர்' என்று ஒரு சின்னச் சத்தம். மேசைக்குப் பக்கத்தில் யாரோ நாற்காலியை மெதுவாக இழுத்துப் போட்ட மாதிரி. கையில் அரிசித் தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே போனேன். அவள் போன பிறகு நான் அந்த வாசற்படியைத் தாண்டியது அன்றைக்குத்தான். கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது, யாரும் இல்லை. பார்த்துக்கொண்டு நிற்கும்போதே குறுக்குச் சட்டம் ஒரு நூலளவு நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. இரும்பின் மேல் கையை வைத்தேன். விரல் நுனியில் சுரசுரவென்று ஏதோ ஊர்ந்தது, யாரோ உள்ளிருந்து தொடுகிற மாதிரி. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தவள் நான். பேய் பிசாசு என்று எதையும் நம்பாதீர்கள் என்று எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன். அத்தனையும் மறந்து, "ரீட்டாக்கண்ணு" என்று கூப்பிட்டேன். சட்டம் துள்ளியது.

அன்றிலிருந்து நீ வேலைக்கும் அப்பா கடைத்தெருவுக்கும் போனதும் பெட்டியின் சுவிட்சை நானே போட்டேன். பீரோவில் சாய்ந்து உட்கார்ந்து அவளிடம் பேசுவேன். சாணார்பட்டியிலிருந்து சின்னம்மா வந்து போனது, மல்லிகைச் செடி பட்டுப்போனது, நீ மெலிந்து போனது, எல்லாம் சொல்வேன். சில சமயம் பதில் வரும், சில சமயம் வராது. நீங்கள் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் வரவே வராது. நான் தனியாக இருக்கும்போதுதான் வருகிறாள் என்று எண்ணிக்கொண்டேன். அந்தப் பெருமை எனக்குப் பெரிய சொத்தாக இருந்தது. மறுபடியும் ஒழுங்காகச் சமைத்தேன். "என்னம்மா, இன்னைக்கு வெஞ்சனம் ரெண்டு வச்சிருக்கீங்க?" என்று நீ ஆச்சரியப்பட்டுக் கேட்டாய். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

பிறகு அவளுடைய ஆண்டு நினைவு வந்தது. சித்திரை வெயிலில் மண் வெடித்துக் கிடந்தது. படத்துக்குக் கீழே வைக்கத் தேக்குப் பலகையில் அவள் பெயரைச் செதுக்க வேண்டுமென்று நீ ஒரு வேலைநாளில் லீவு போட்டு உட்கார்ந்தாய். இயந்திரம் சீராகப் போய்க்கொண்டிருந்தது. கடைசி எழுத்தில் ஊசி திடீரென்று துள்ளி, பெயரின் குறுக்கே ஆழமாய் ஒரு கோடு இழுத்துவிட்டது. நீ தலையில் கை வைத்துக்கொண்டாய். நான் வாசலில் நின்று, "அவளுக்குப் புடிக்கலையோ என்னமோ, விட்ருப்பா" என்றேன். நீங்கள் இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். நான் அந்த அறையில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அந்த ஒரு பார்வையில் இருவருக்கும் தெரிந்துபோனது.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் அப்பாதான். ஜன்னல் பக்கம் செத்த நேரம் நின்றார். எதிர்ச்சந்தில் நீல வெளிச்சம் மின்னும்போதெல்லாம் இயந்திரம் துள்ளியது. "ஏலே அமலு, கிரில் பட்டறையில வெல்டிங் அடிக்கிறப்பல்லாம் துள்ளுது பாரு. நம்ம எர்த் காஞ்சு போச்சு. குழியில ஈரமே இல்ல" என்றார். அன்றைக்கே கொல்லையில், கசிகிற கரண்ட்டை மண்ணுக்குள் இறக்குகிற அந்தப் பழைய எர்த் குழியைத் தோண்டி, கரியும் உப்பும் மாற்றிப் போட்டு, குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றினீர்கள். அதற்கப்புறம் பட்டறையில் எவ்வளவு வெல்டிங் அடித்தாலும் சட்டம் அசையவில்லை. நீ என்னைக் கூட்டிப் போய் நிற்கவைத்துக் காட்டினாய். "பாத்தீங்களாம்மா? அது கரண்ட்டு. கையில சுர்ருன்னு இருந்ததும் அதுதான். ரீட்டா இல்ல" என்றாய். கோபமாகச் சொல்லவில்லை. நல்ல டாக்டர் சொல்கிற மாதிரி, என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாய்த்தான் சொன்னாய். நீ சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் அமலு, ஒரு பிள்ளையை இரண்டாவது தடவை அடக்கம் பண்ணுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. முதல் தடவை ஊரே கூட நின்று அழுதது. இரண்டாவது தடவை கூட அழுவதற்கு யாரும் இல்லை, ஏனென்றால் உங்கள் கணக்கில் அன்றைக்கு யாரும் சாகவில்லை.

பலகையைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தில் பெயரை அழகாகச் செதுக்கி முடித்தாய். பூசையும் நடந்தது. நான் மறுபடியும் அந்த அறையில் போய் உட்கார்ந்து சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். இரும்பு சும்மா இருந்தது. கையை வைத்தேன், சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். சோறு பிடிக்கவில்லை. படுத்தால் எழுந்திருக்கப் பிடிக்கவில்லை. குஜிலியம்பாறையிலிருந்து உன் அத்தை வந்து, "எலும்பும் தோலுமா ஆயிட்டீங்களே மதினி" என்று அழுததுகூட ஏதோ பக்கத்து வீட்டு அழுகை மாதிரிதான் கேட்டது.

இப்படிச் சில நாள் போன பிறகு ஒரு முற்பகலில் சட்டம் மறுபடியும் நகர்ந்தது. ஓடிப்போய்த் தொட்டேன், விரலில் அதே சுரசுரப்பு. நான் அழுத அழுகை உனக்குத் தெரியாது. வாய்விட்டுச் சிரிக்கவும் செய்தேன். அன்றைக்கு இரண்டு கை சோறு கூடுதலாய்ச் சாப்பிட்டேன். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். அப்புறம் ஒருநாள் அடுப்படி ஜன்னல் வழியாகக் கொல்லையைப் பார்த்தேன். உங்கப்பா எர்த் குழிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஸ்பேனர். மரையைத் திருகிக் கழற்றி, எர்த் கம்பியை எடுத்து, குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி மெதுவாய்த் தரையில் வைத்தார். எழுந்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ரீட்டாவின் அறை ஜன்னலுக்குக் கீழே போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். எலக்ட்ரீசியனோடு இத்தனை வருசம் குடும்பம் நடத்தியவளுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? உன் வேலை கெடாமல் இருக்க, நீ வருவதற்கு முன்னால் கம்பியைத் திரும்பவும் முடுக்கி வைத்துவிடுவார் என்பதையும் அன்று சாயங்காலமே பார்த்துவிட்டேன்.

இதுதான் உனக்குத் தெரியாத பாதி. அப்பா கம்பியைக் கழற்றுவது, நீ கண்டுபிடிப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். தெரிந்தபிறகும் மறுநாள் நான் அந்த அறைக்குப் போனேன். ஏன் போனேன் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் சொல்லத் தெரியாது. அந்த மனுசர் வெயிலில் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார், நான் போகாவிட்டால் அவர் செய்தது வீணாகிவிடும் என்று மட்டும் தோன்றியது. போய் உட்கார்ந்து சுவிட்சைப் போட்டேன். சட்டம் துள்ளியது. இரும்பைத் தொடவில்லை, பயமாக இருந்தது. பேச ஆரம்பித்தேன். "ரீட்டா, உங்கப்பா மேல கோவப்படாத. விடியட்டும்னு அவரு சொன்னாரு. ஆனா அன்னைக்குக் காலையிலேர்ந்து உன் உடம்பு சுட்டது எனக்குத் தெரியும். கசாயம் போட்டுக் குடுத்துட்டு, சரியாப் போயிரும்னு நானும்தான இருந்தேன். அதை யாருகிட்டயும் சொல்லல. எல்லாத்தையும் அவரு தலையில வச்சுட்டுப் பேசாம இருந்துட்டேன்" என்று சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே அவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஒன்றும் கேட்காத மாதிரி இருந்துகொண்டேன். அதற்கப்புறம் தினமும் போனேன். எங்கள் கல்யாணமான புதிதில் நடந்தது, அவர் மேல் எனக்கிருந்த வருத்தங்கள், அவர் நல்லதாகச் செய்த ஒன்றிரண்டு, எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்கிற மாதிரி சொன்னேன்.

அந்தச் சமயத்தில்தான் நீ ஏதோ வரைபடத்தை எடுக்க மத்தியானம் வீட்டுக்கு வந்தாய். இயந்திரத்தின் மேல் கை வைத்தாய், சுர்ரென்றது. நேராகக் கொல்லைக்குப் போனாய். எனக்கு எல்லாம் கேட்டது.

"என்னப்பா பண்றீங்க? எர்த் இல்லாத மெசின்ல அம்மா கைய வச்சுட்டு உக்காந்திருக்காங்க. எங்கயாச்சும் வயர் தேஞ்சு பாடியில பட்டா என்ன ஆகும்? உசுரு போயிரும்!"

"தெரியும்டா. அதத்தான மில்லுல அம்புட்டு வருசமாப் பாத்தேன். தினம் டெஸ்டர் வச்சுப் பாத்துட்டு, மெயினுக்குப் பக்கத்துலயேதான் உக்காந்திருக்கேன்."

"இது பொய்யிப்பா. நீங்க அம்மாவ ஏமாத்துறீங்க."

"ஆமா, ஏமாத்துறேன். அவ சோறு திங்கிறாடா."

நான் வெளியே வந்தேன். உன் முகம் வெளுத்துப்போனது. அப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். அவர் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கி, கம்பியை எடுத்து மாட்டி, மரையை என் பலம் கொண்ட மட்டும் முடுக்கினேன். ஒரு குடம் தண்ணீர் எடுத்து வந்து குழியில் ஊற்றினேன். நீ படியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாய். என் நம்பிக்கையை இரண்டு தடவை உடைத்தவன் நீதான் என்று நினைத்துக்கொண்டு அந்த வருசமே வேலை தேடி ஓசூருக்குப் போனாய். இயந்திரத்தைக் கழற்றி எடுத்துப்போனபோதுகூட என் கண்ணைப் பார்க்கவில்லை. அந்தப் பாரத்தை இறக்கி வை அப்பு. அன்று நீ எதையும் உடைக்கவில்லை. அதற்குள் நான் பேச வேண்டியதைப் பேசி முடித்திருந்தேன்.

ஜான்சியிடம் நீ சொன்னதும் உண்மைதான். பூனை பூனைதான். ஆனால் அவளுக்குச் சத்தம் கேட்டபோது அவள் உன்னிடம் ஓடி வந்தாள் பார், அதைக் கவனி. கேட்டதைச் சொல்லத்தான் வந்தாள். நீ காரணத்தைத் தேடி மாடிப்படிக்குப் போய்விட்டாய். செத்துப் பிறந்த பிள்ளையை அவளுக்குக் காட்டாமலே எடுத்துப்போனீர்கள் என்று சம்பந்தியம்மா சொன்னார்கள். பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று நீங்கள் இருவரும் பேசியிருப்பீர்கள் அல்லவா? அந்தப் பெயரை அதற்கப்புறம் ஒரு தடவையாவது அவள் காதுபட நீ சொன்னாயா? அவளைப் போய்க் கேள். பிள்ளை யார் ஜாடை, கை எப்படி இருந்தது என்று அவள் கேட்டால், நீ பார்த்ததைச் சொல். பயப்படாதே. அவளிடம் பொய்யும் சொல்லாதே. அப்பா செய்த மாதிரி கம்பியைக் கழற்றுகிற வேலையெல்லாம் உனக்கு வேண்டாம், அது ஆபத்து, நீயே சொன்னாய். அழுகைச் சத்தம் கேட்கிறது என்று அவள் சொன்னால், எழுந்து போகாமல் பக்கத்தில் உட்கார். அதைச் செய்ய உனக்குக் கஷ்டமாக இருக்கும். உன் கைகளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அவள் கையைப் பிடித்துக்கொள்.

உன் போனுக்குப் பிறகு, இன்றைக்குக் காலையில் காப்பி குடிக்கும்போது உங்கப்பாவிடம் முதல்முறையாக அந்தப் பேச்சை எடுத்தேன். "நீங்க கம்பியக் கழட்டுனது எனக்கு அப்பவே தெரியும். அமலு கண்டுபுடிக்கிறதுக்கு முன்னாடியே தெரியும்" என்றேன். அவர் தம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்" என்றார். "மெசின்ல கைய வைக்கிறத விட்டுட்ட. ஜன்னலப் பாத்துப் பேச ஆரம்பிச்ச."

"பெறகு எதுக்கு மறுநாளும் போயிக் கழட்டுனீங்க?"

அவர் காப்பியைக் குடித்து முடித்தார். வெளியே பால்காரர் மணி அடித்துவிட்டுப் போனார்.

"நீ பேசுறதக் கேக்கத்தான்" என்றார்.

அம்மா